தலைக்கணக்கும் வமிசக்கணக்கும்

ஓர் உயிரினம் உலகில் நிலைத்து நிற்குமா, மறைந்துபோகுமா என்று அறிய விழைவோர் முதலில் கேட்கும் வினா, எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்பதாகும். அவ்வினா தவறன்று, ஆனால் அது மட்டும் போதாது. தோட்டத்து ஆபீசில் அமர்ந்து செக்ரோல் எழுதும் எம் போன்ற கிராணிகளுக்குத் தலைக்கணக்கின் அருமை தெரியும். பெரட்டுக்கு வந்தோர் இத்தனை பேர், வராதோர் இத்தனை பேர் என்று கூட்டிப் போட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. காட்டுயிர்களின் கணக்கு அவ்வாறு முடிவதில்லை. எஞ்சிய உயிர்கள் தமக்குள் என்ன உறவின, அவற்றின் உடலில் பரம்பரையாய் இறங்கிவந்த கூறுகள் எத்தனை வகையின என்ற மற்றொரு கணக்கும் உண்டு. அதனை வமிசக்கணக்கு என்போம். முதற்கணக்கு ஏறிக்கொண்டே போகும்போதும் இரண்டாங்கணக்கு இறங்கியே கிடக்கக்கூடும். குரங்கினங்களின் உடல்நலத்துக்கும் வாழ்வுக்கும் இவ்விரண்டாங்கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைப் பிரேசில் நாட்டுச் சிறு குரங்கொன்றின் சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிரேசில் எங்கே, நாம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். நம் பாட்டன்மாரை இந்நாட்டுக்கு இழுத்துவந்த ரப்பர் மரமே பிரேசில் காட்டு மரந்தான். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் சில ஆயிரமே முளைத்தன. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய கன்றுகள் 22. நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரங்கள் எல்லாம் பெரும்பாலும் அச்சிறு விதைக்கூட்டத்தின் வழித்தோன்றல்களே. பின்னர் ஒட்டு முறை வந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு மரத்தின் பெயர் அறியாத பழைய பால் வெட்டுக்காரர் இல்லை. அவ்வகை நட்ட நிரையில் நின்ற மரம் ஒவ்வொன்றும் ஒரே தாய்மரத்தின் நகல். பால் பெருகிற்று, வகை குறைந்தது.

வகை குறைந்தால் என்ன கேடு என்பதற்கும் ரப்பரே சாட்சி. அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928 முதல் அமேசான் காட்டை வெட்டி ஃபோர்டுலாந்தியா, பெல்தெரா என்னும் இரு பெருந்தோட்டங்களை அமைத்தார். கிழக்கு நாடுகளில் மிகுதியாய்ப் பால் கொடுத்த ஒட்டு மரங்களையும் தருவித்து நட்டார். அம்மண்ணுக்கே உரிய பூஞ்சை நோயொன்று இலைகளைக் கருக்கி உதிர்த்தது. மரத்துக்கு மரம் நெருக்கமாய், ஒன்றுபோலவே நின்ற நிரைகளில் அந்நோய் தடையின்றிப் பரவிற்று. 1945-இல் ஃபோர்டு கம்பெனி தோட்டங்களைக் கைவிட்டது. அந்நோய் இன்றளவும் ஆசியாவுக்கு வந்து சேரவில்லை. வந்தால் என் செய்வது என்ற அச்சம் மட்டும் இங்குள்ள ரப்பர் ஆராய்ச்சியாளரை விட்டு நீங்கியதில்லை.

இனிக் குரங்கின் கதைக்கு வருவோம். பிரேசிலின் கீழ்க்கடற்கரையில், ரியோ தி ஜனெய்ரோ மாநிலத்தின் தாழ்நிலக் காடுகளில் மட்டுமே வாழ்வது பொற்சிங்கக் குரங்கு. எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல்; உடல் முழுதும் செம்பொன் நிற மயிர்; முகத்தைச் சுற்றிச் சிங்கத்துக்கு உள்ளது போன்ற பிடரி. பழமும் பூச்சியும் பூந்தேனும் இதன் உணவு. இரவில் முதிய மரங்களின் பொந்துகளில் குடும்பமாய் உறங்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் ஈனும்; அவற்றைச் சுமந்து திரியும் வேலையில் தகப்பனுக்கே பெரும் பங்கு. ஆண்மக்கள் கவனிக்க!

1519-இல் மெகல்லனின் கப்பலில் சென்ற பிகாபெட்டா என்ற இத்தாலியர், சிங்கம் போன்ற மஞ்சள் நிறக் குரங்குகளை அந்நாட்டுக் கரையில் கண்டு, அவற்றின் அழகை வியந்து எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னனின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டி ஒன்றை வளர்த்தாள். 1766-இல் லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அழகே இதற்குப் பகையாயிற்று. கூண்டில் அடைத்துக் கப்பலேற்றும் வியாபாரம் 1960-கள் வரை நடந்தது. விலங்குச்சாலைகளுக்கும் செல்வர் வீடுகளுக்கும் நூற்றுக்கணக்கில் ஏற்றுமதியாயின.

அதனினும் பெரும்பகை கோப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகுக்கே கோப்பி விளைவித்த மாநிலம் ரியோ. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் கைகளைக் கொண்டு காடுகள் வெட்டப்பட்டன. 1888-இல்தான் அந்நாட்டில் அடிமைத்தனம் ஒழிந்தது. மண்ணின் சத்து வற்றியதும் கோப்பி வேறு மாநிலத்துக்கு நகர்ந்தது. விட்டுச் சென்ற நிலத்தில் மாடு மேய்த்தனர். கரும்பும் பயிராயிற்று. பின்னர்ச் சாலைகளும் ஊர்களும் எழுந்தன. பழைய காட்டில் நூற்றுக்கு இரண்டு பங்களவே எஞ்சிற்று. அதுவும் ஒரே காடாய் இல்லை, மேய்ச்சல் வெளியின் நடுவே சிறு சிறு தீவுகளாய்ச் சிதறிற்று. தோட்டம் போடக் காடு வெட்டிய நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதன் அழிவை முதலில் உணர்ந்து உரக்கக் கூவியவர் அதெல்மார் கொய்ம்பிரா ஃபில்யோ என்ற பிரேசில் அறிஞர். 1970-களின் தொடக்கத்தில் காட்டில் இருந்தவை ஏறத்தாழ 200 என்றே கணிக்கப்பட்டது. 1972-இல் வாஷிங்டனில் அறிஞர் கூடி ஆராய்ந்தனர். 1974-இல் பொசு தாஸ் அந்தாஸ் என்னுமிடத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் காப்பகமாக ஒதுக்கப்பட்டது.

விலங்குச்சாலைகளில் இருந்தவற்றின் நிலையும் நன்றாயில்லை. பிறப்பதைவிட இறப்பது மிகுதி. வாஷிங்டன் விலங்குச்சாலையைச் சேர்ந்த தெவ்ரா கிளைமன் என்ற அம்மையார் இதற்கொரு வழி கண்டார். எந்தச் சாலையில் எந்தக் குரங்கு இருப்பினும் அதற்கோர் எண். அதன் தந்தை எண், தாய் எண், பிறந்த நாள், இறந்த நாள் அனைத்தும் ஒரே பேரேட்டில். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை அப்பேரேட்டைப் பார்த்தே முடிவு செய்தனர். நெருங்கிய உறவாயின் சேர்ப்பதில்லை. கடல் கடந்தேனும் அயல் வரனைக் கொணர்ந்தனர். ஒரு பேரேடு ஓர் இனத்தைக் காத்தது என்றால் பேனா பிடித்துப் பிழைக்கும் எமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே.

அதே விலங்குச்சாலையில் கேத்தரின் ரால்ஸ் அம்மையாரும் ஜோனாத்தன் பாலூ என்பாரும் பழைய பதிவேடுகளைப் புரட்டினர். கூண்டில் வளர்ந்த பலவகைக் குரங்குக் கூட்டங்களை ஒப்பிட்டு, 1982-இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களிலும், உறவு கலந்த பெற்றோரின் குட்டிகளே மற்றவற்றைவிட மிகுதியாக மடிந்திருந்தன.

இதன் காரணம் யாது? ஒவ்வோர் உயிரும் தன் மரபணுக்களைத் தந்தையிடம் ஒரு படியும் தாயிடம் ஒரு படியுமாகப் பெறுகின்றது. ஒரு படி பழுதாயினும் மற்றது அவ்வேலையைச் செய்துவிடும். பழுது மறைந்தே கிடக்கும். பழுதே இல்லாத உயிர் உலகில் இல்லை. அயலார் இருவர் கூடினால் ஒரே பழுது இருவரிடத்தும் இருத்தல் அரிது. உறவினர் கூடினாலோ, ஒரே பாட்டனிடமிருந்து இறங்கிய பழுது தந்தைவழியும் தாய்வழியும் வந்து பிள்ளையிடம் ஒன்றுசேரும். மறைந்திருந்தது அங்கே வெளிப்படும். நம்மவர் அக்காள் மகளை மணப்பதையும் தலைமுறைதோறும் அத்தை மாமன் வீட்டிலேயே கொண்டு கொடுத்து வருவதையும் மருத்துவர் எச்சரிப்பது இக்கணக்கைக் கொண்டுதான். சொத்து வெளியே போகாதிருக்கச் செய்த ஏற்பாட்டில் நோயும் வெளியே போவதில்லை.

மற்றொரு காரணம் நோயெதிர்ப்பைப் பற்றியது. கிருமி உடலுள் புகுந்ததும் அதனை அயலது என்று அடையாளங்காட்டும் மரபணுக்கள் சில உள. அவை மற்ற மரபணுக்களைவிட மிகுந்த வேறுபாடு உடையன. ஒரு வகை ஒரு கிருமியைக் காட்டிக்கொடுக்கும். வேறு வகை வேறு கிருமியை. இரு படிகளும் இருவகையாயின் காவல் அகலும். கூட்டத்தில் பலவகை இருப்பின், எந்நோய் வரினும் தாங்குவோர் சிலரேனும் இருப்பர். மடகாஸ்கர் தீவின் எலி லெமூர்களை ஆராய்ந்த ஜெர்மானியர், இம்மரபணுக்களில் குறிப்பிட்ட சில வகைகளை உடையவற்றுக்குக் குடற்புழு குறைவாகவும் வேறு வகையை உடையவற்றுக்கு மிகுதியாகவும் இருந்ததை 2005-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்படும் வளையவால் லெமூர்களைப் பற்றிய 2008-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வெளிப்படையானது. மரபு வகை குன்றியவற்றின் உடலில் ஒட்டுண்ணிகள் மிகுந்திருந்தன; நோயெதிர்ப்பு தளர்ந்திருந்தது; ஆயுளும் குறைந்திருந்தது.

கூண்டில் கண்டது காட்டிலும் மெய்யா என்று ஐயுறுவார் இருந்தனர். காட்டுக் குரங்கின் தந்தை யார், தாய் யார் என்று எவர் எழுதி வைத்தார்? அதனையும் செய்தனர். ஜேம்ஸ் டியெட்ஸ், ஆண்ட்ரூ பேக்கர் ஆகியோர் பொசு தாஸ் அந்தாஸ் காட்டில் 1980-கள் முதல் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு குடும்பத்தையும் பின்தொடர்ந்து, பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி அனைத்தையும் பதிந்தனர். பாலூவும் சேர்ந்து அக்கணக்கை 2000-இல் வெளியிட்டார். காட்டிலும் அதுவே நடந்தது. உறவுக்குள் பிறந்த குட்டிகள் பிழைப்பது குறைவு.

இயற்கையில் இக்குரங்குகள் உறவுக்கூட்டை விலக்கவே முயல்கின்றன. வயது வந்த பிள்ளைகள் பிறந்த குடும்பத்தை விட்டு வெளியேறி அயற்கூட்டத்தைத் தேடிப் போகும். ஆனால் காடு தீவாய்விட்டால் எங்கே போவது? நாற்புறமும் மேய்ச்சல் வெளி. அதில் இறங்கினால் நாயும் பருந்தும். அப்பால் மோட்டார் சாலை. ஆகவே வீட்டிலேயே தங்கும். தங்கினால் அண்ணன் தங்கை என்ற முறை பாராமல் கூடும். குரங்கு செய்த குற்றமன்று இது.

1984 முதல் 2000 வரை, பேரேட்டின் துணையால் பெருகிய விலங்குச்சாலைக் குரங்குகளில் ஏறத்தாழ 150 காட்டுக்குத் திரும்பின. முதலில் விடப்பட்டவை பட்ட பாடு பெரிது. அசையும் கிளையில் ஏறத் தெரியாது, உணவு தேடத் தெரியாது, பல மடிந்தன. ஆயினும் பிழைத்தவை ஈன்ற குட்டிகள் காட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தன. 1994-க்கும் 1997-க்கும் இடையில், துண்டுக் காடுகளில் அகப்பட்டிருந்த ஆறு குடும்பங்கள், மொத்தம் 42 குரங்குகள், யூனியாவ் என்னும் காட்டுக்கு மாற்றப்பட்டன. அக்காடு பிரேசில் இரயில்வே கம்பெனியின் உடைமை. விறகுக்கும் கட்டைக்கும் வைத்திருந்த நிலம் குரங்குக்குக் குடியிருப்பாயிற்று. 1998-இல் அதுவும் காப்பகமானது. பெயரறியாத் துண்டுகளில் கிடந்த வமிசங்கள் பல அங்கு வந்து கலந்தன.

அக்காலத்தில் அறிஞர் வகுத்த இலக்கு எம் மனத்தைக் கவர்ந்தது. 2025-ஆம் ஆண்டுக்குள் 2,000 குரங்குகள். அவை வாழ 25,000 ஹெக்டேர் காடு. அக்காடு துண்டுபடாமல் இணைந்திருக்க வேண்டும். முதலிரண்டும் தலைக்கணக்கு, மூன்றாவது வமிசக்கணக்கு. 2014-இல் குரங்குகள் 3,700 எனக் கணிக்கப்பட்டன. தலைக்கணக்கு இலக்கைத் தாண்டிவிட்டது. ஆயினும் காடு துண்டுகளாகவே இருந்தது.

அந்நிலையில் மஞ்சட்காய்ச்சல் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த நோய் இது, கொசு பரப்புவது. மனிதர்க்கு 1937-லேயே தடுப்பூசி உருவாயிற்று, குரங்குக்கு ஏது? 2016 முதல் 2018 வரை பிரேசிலின் தென்கிழக்கே பரவி, ஊளைக்குரங்குகளைப் பெருங்கணக்கில் கொன்றது. 2018-இல் பொற்சிங்கக் குரங்கையும் தொட்டது. அடுத்து எடுத்த கணக்கில் 3,700 என்பது ஏறத்தாழ 2,500 ஆகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அரும்பாடுபட்டுக் காத்த பொசு தாஸ் அந்தாஸ் காப்பகத்திலேயே இழப்பு மிகக் கொடிது. வகை நிறைந்திருந்தால் இந்நோய் தீண்டியிராது என்று யாம் சொல்லவில்லை. ஆனால் இறந்த ஒவ்வொன்றோடும் சில வமிசக்கூறுகளும் மண்ணாயின. காடு இணைந்திருந்தால் அண்டைக் குடும்பங்கள் வந்து வெற்றிடத்தை நிரப்பும். தனித்தீவாயின் எஞ்சிய ஓரிரு குடும்பங்களே தமக்குள் பெருக வேண்டும்.

அறிஞர் கைகட்டி நிற்கவில்லை. மனிதர்க்குரிய தடுப்பூசியையே அளவு குறைத்துக் குரங்குகளைப் பிடித்து இட்டனர். முந்நூறுக்கு மேற்பட்டவை ஊசி பெற்றன. 2020-இல், காட்டை இரண்டாய் வெட்டிச் செல்லும் பி.ஆர். 101 நெடுஞ்சாலைக்கு மேலே மண் பரப்பி மரம் நட்ட பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. வண்டிகள் கீழே, குரங்குகள் மேலே. 2023-இல் எண்ணிக்கை 4,800 எனக் கணிக்கப்பட்டது. பிரேசிலின் 20 ரேயால் நோட்டில் இக்குரங்கின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. எந்தத் தலைவருக்கும் கிட்டாத பேறு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காமல் கூறல் வேண்டும். ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் வாழும் மலைக்கொரில்லாக்களின் மரபணுக்களை 2015-இல் முழுதும் படித்த அறிஞர், அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தந்தைவழியும் தாய்வழியும் ஒன்றாகவே இருக்கக் கண்டனர். அத்துணை உறவுக்கலப்பு! ஆயினும் அவை அழியவில்லை. 1981-இல் விருங்காவில் 254 ஆக இருந்தவை, 2016-இல் முடிந்த கணக்கில் 604 ஆயின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே சிறு கூட்டமாய் வாழ்ந்து வந்தமையால், மிகக் கொடிய பழுதுகள் சில வெளிப்பட்டு வெளிப்பட்டுக் களையுண்டு போயின என்பது அவர்தம் கருத்து. எனவே வகை குன்றிய இனம் நாளையே மாளும் என்பதன்று. ஆனால் மெல்ல மெல்லக் குன்றிய கூட்டம் வேறு. நூறு ஆண்டுக்குள் கோடரியால் குன்றிய கூட்டம் வேறு. மேலும் அக்கொரில்லாக்களுக்கு இன்று மருத்துவர்கள் காட்டுக்கே சென்று மருந்திடுகின்றனர். மனிதனின் சளிக்காய்ச்சல் தொற்றினாலும் அவை மடியும் என்பதால் பார்ப்போர் விலகி நிற்க வேண்டுமென்ற விதியும் உண்டு.

இத்துணையும் அயல்நாட்டுச் செய்தி. நம் வாசலிலேயே இதுபோன்ற கதை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. மலாய்க்காரர் லோத்தோங் என்று அழைக்கும் இலையுண்ணும் குரங்குகளில் ஒன்று, ராஃபிள்ஸ் பெயரைத் தாங்கியது. உடல் கறுப்பு; தொடையில் வெள்ளைப் பட்டை. 1838-இல் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். சிங்கப்பூரிலும், தீபகற்பத்தின் தெற்கே ஜோகூர், பகாங் பகுதிகளிலுமன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இது தனியினமே என்றும் அழிவின் விளிம்பில் உள்ளதென்றும் 2020-இல் மரபணு ஆய்வு நிலைநாட்டியது.

சிங்கப்பூரில் 1819-க்குப் பின் கம்பீர், மிளகுத் தோட்டங்கள் காட்டைத் தின்றன. 1880-களில் பத்தில் ஒரு பங்கும் எஞ்சவில்லை. ரப்பர் அதன் பின்னரே வந்தது. எஞ்சிய துண்டையும் 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டாக்கிற்று. மறு ஆண்டு, 1987-இல், புக்கிட் தீமாக் காட்டின் கடைசி லோத்தோங், ஒரு பெண், நாய்களால் கடியுண்டு இறந்தது. நடுக்காட்டில் ஒரு சிறு கூட்டம் மட்டும் தப்பியது. 2010-ஐ ஒட்டி அவை 40 அளவில் எண்ணப்பட்டன. அடுத்த பத்தாண்டில் அறுபதைக் கடந்தன. தலைக்கணக்கு ஏறுகின்றது. ஆனால் அவற்றின் மலத்திலிருந்து மரபணுவை எடுத்துப் படித்த ஆராய்ச்சியாளர், வகை மிகக் குறைவு என்று 2012-லேயே எழுதினர். அறுபது நூறானாலும் அந்தக் குறை தீராது. இழந்த வகை தானே மீண்டும் தோன்றப் பல்லாயிரம் தலைமுறை வேண்டும், அல்லது வெளியிலிருந்து வர வேண்டும்.

வெளி என்பது ஜோகூர். இடையே இருப்பது சில இடங்களில் ஒரு மைலுக்கும் குறைந்த நீரிணை. அக்கரையில் உள்ளவையும் சில நூறே. அவையும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுக்காடுகளில் பிரிந்து கிடக்கின்றன. எத்துண்டுக்கும் எத்துண்டுக்கும் இடையே மரத்தொடர் உண்டு, எந்த ஆற்றோரக் கீற்றின் வழியே லோத்தோங் கடந்து போகும் என்பதைத் தோட்டத்து லயங்களில் வாழ்வோர் நன்கறிவர். அவ்வறிவைக் கேட்டு எழுதுவார்தாம் குறைவு. சிங்கப்பூரில் 2013-இல் விரைவுச்சாலைக்கு மேலே காட்டுப்பாலம் அமைந்தது. பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டு, லோத்தோங்குகள் அவற்றின்மீது நடந்து கடக்கின்றன. தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் குட்டி வெண்ணிறமாய், முதுகில் கறுப்புச் சிலுவைக் கோடு உடையதாய் இருக்கும். அக்குட்டியின் தந்தை யார், தாய் யார் என்ற பேரேட்டைக் காட்டுத் தரையில் விழுந்த மலத்தைப் பொறுக்கி, இப்போதுதான் வரி வரியாக எழுதி வருகின்றனர்.